பெயரை மாற்றத் தேவையில்லை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் இங்கே யாரும் கோபப்படுவதில்லை. வண்டியை அணைத்துவிட்டு, வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றபடி நிற்பார்கள். நீங்களும் அங்கே நின்றுவிட்டுத்தான் வருகிறீர்கள் என்பது சட்டை நனைந்திருப்பதிலேயே தெரிகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள்.

நீங்கள் கேட்டு வந்தது சின்ன விஷயம். 'உரைகல்' என்ற சோதனைத் தொகுப்பின் உரிமத்தில் ஒரு வரியைச் சேர்த்து மாற்ற வேண்டும், அதை எழுதிய மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். மற்ற இருவரும் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் நான். எனக்கும் சம்மதம். அந்த வேலை முடிந்தது. ஆனால் தண்ணீர் குடித்துக்கொண்டே இன்னொன்றையும் கேட்டீர்கள். "ஏன் சார், அப்பவே அந்த ஒரு வரியைச் சேத்திருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லையே?" இத்தனை வருடங்களில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவருக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியிலும் போனிலும் தமிழ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்னச் சின்னச் சோதனைகளின் தொகுப்பு அது. ஒரு மென்பொருளை அதில் ஓட்டினால் எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இலவசம். எழுதியது மதிவதனி, சுஹைப், நான். மூவரும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் எம்.சி.ஏ. படித்தவர்கள்.

சுஹைப் பாபநாசத்துக்காரன். படிப்பு முடிந்ததும் அரபு நாட்டுக்கு, தமாமுக்குப் போய், ஒரு பெரிய கடையின் கணினிப் பிரிவில் சேர்ந்தான். அவனுடைய கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் ஹாஃபிஸா என்பது நடுவில் ஒரு வெற்றுக் கட்டத்தோடு அச்சாகி வந்தது. அந்தக் கோபத்தில்தான் அவன் பெயர்களுக்கான சோதனைகளை எழுதினான். பாதிக்கு மேல் எழுதியது மதிவதனி. இங்கே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். நான் எழுதியது குறைவு. எல்லாவற்றையும் தொகுப்பது, இணையத்தில் ஏற்றுவது, வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவது என் வேலை. அதனால் தொகுப்பைத் திறந்து மாற்றும் சாவி என்னிடம் இருந்தது.

மதிவதனி எழுதியவற்றில் ஒன்றுக்கு 'பாதி வாக்கியம்' என்று பெயர். அப்போது தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் எழுபது எழுத்துக்குறிகளுக்கு மேல் ஒரு செய்தியில் அடங்காது; புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும். நீண்டால் இரண்டாக உடையும். சில மலிவான கருவிகள் முதல் பாதியை உடனே அனுப்பிவிட்டு, இரண்டாவதைத் தங்கள் சௌகரியப்படி அனுப்பும். அவளுடைய சோதனை கேட்டது இதுதான்: பாதி மட்டும் போய்ச் சேர வழி இருக்கிறதா? இருந்தால் தேறவில்லை.

"இங்கிலீஷ்காரனுக்கு 'டோன்ட்' மொதல்லயே வந்துரும். மீதி வராட்டியும் ஆபத்தில்ல," என்றாள். "நமக்கு 'வேண்டாம்' கடைசியிலதான வருது? அது வந்து சேர்றதுக்குள்ள அவன் வேலையை முடிச்சிருவான்."

இதை அவள் யாரை நினைத்து எழுதினாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா காத்தான், ஆற்று வேலைகளுக்கு ஆள் திரட்டிப் போகும் மேஸ்திரி. மகள் வாங்கிக் கொடுத்த, தமிழ் தெரிகிற போனைச் சட்டைப்பையில் பொத்தான் போட்டு வைத்திருப்பார். ஒருநாள் மகளின் கடைக்கு வந்து அதை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வருமா?"

"வரும்ப்பா. கண்ணாடி போட்டா இன்னும் பெருசா வரும்."

"கண்ணாடி போட்டா ஆளுங்க மரியாதை குடுக்க ஆரம்பிச்சிருவானுங்க. அப்பறம் எப்படி வேல வாங்குறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று, வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாக, கடைசிப் புள்ளி வரை, சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

உரிமம் பற்றிய பேச்சு அந்தக் கடையில்தான் நடந்தது. தொகுப்பை முறையாக வெளியிட ஏதாவது ஒரு உரிமம் வேண்டும். மதிவதனி ஒரே ஒரு வரியைக் கேட்டாள். சோதனைகளை மாற்றியவர் தொகுப்பின் பெயரையும் மாற்ற வேண்டும்.

"எடுத்துக்கட்டும், திருத்தட்டும், வித்துக்கூட சாப்பிடட்டும். ஆனா திருத்துனத உரைகல்லுன்னு சொல்லக் கூடாது."

"அது சுதந்திரம் இல்ல மதி. நிபந்தனை," என்றேன்.

"எங்க அப்பாவுக்குக் கூலி அளந்த மரக்கால் தெரியுமா உனக்கு? குத்தகை நெல்லு உள்ள வாங்க ஒரு மரக்கால், கூலி வெளிய குடுக்க ஒரு மரக்கால். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ரெண்டுக்கும் பேரு மரக்கால்தான். சின்னதுக்கு வேற பேரு இருந்திருந்தா எங்க தாத்தாவே, இது என்னாங்கன்னு கேட்டுருப்பாரு."

"எதை எடுத்தாலும் நீ களத்துமேட்டுக்குப் போயிடுற."

"நான் எங்க போறேன். அது பின்னாலயே வருது."

நான் நிறையப் பேசினேன். நிபந்தனை ஒன்று நுழைந்தால் அடுத்தது நுழையும், பொதுவில் வைத்ததை முழுமையாகப் பொதுவில் வைக்க வேண்டும், பயன்படுத்துகிறவரை நம்ப வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல வாதம். இதே வாதங்களை உண்மையாகவே நம்பிச் சொல்கிறவர்கள் உண்டு. நீங்களே சிலரைச் சந்தித்திருப்பீர்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்கள் வேட்டியை நான் திருடிக் கட்டியிருப்பது போல.

அவள் மசியவில்லை. சுஹைப்பையும் கேட்போம் என்றாள்.

சுஹைப் ஊருக்கு அழைத்தால் என்னைத்தான் அழைப்பான். இன்னொரு வீட்டுப் பெண்ணை நேராக அழைத்துப் பேசும் பழக்கம் அவனுக்கு இல்லை. கல்லூரியிலும் அப்படித்தான். அவளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வான், பக்கத்திலேயே அவள் நின்றாலும். நாங்கள் அதைக் கேலி செய்வோம். இந்தக் கூச்சம் எனக்கு உதவியது.

"மதி என்னடா சொல்லுது?" என்று கேட்டான்.

"நிபந்தனை எதுவும் வேணாம்னு ஒத்துக்கிச்சுடா மாப்ள."

"அதுதான் பாதிக்கு மேல எழுதுச்சு. அதுக்குச் சரின்னா எனக்கும் சரி. போட்டுரு."

மறுநாள் மதிவதனியிடம், சுஹைப்புக்கு அந்த வரி பிடிக்கவில்லை என்று சொன்னேன். நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முழுதும் போகும்வரை காத்திருந்தாள். போன பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லும்போது நான் என்ன சொல்றது. போடு."

இப்போது உரைகல்லின் தலைப்பில் இருக்கிற உரிமம் அப்படி வந்தது. யாரும் எதையும் மாற்றலாம். மாற்றியதைக் காட்ட வேண்டியதில்லை. பெயரை மாற்றத் தேவையில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். மறந்துபோய் அல்ல. இந்தப் பேச்சு நடந்தபோது நான் தஞ்சாவூரில் 'அலைவரி' என்ற சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர்கள் இருவருக்கும் அது தெரியாது. முதலாளி தங்கையன், சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர். கூட்டமாகப் பலருக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் செய்தோம். எங்கள் முதல் வாடிக்கையாளர் கீழத்தலைப்பு ஆற்றுப்பணிச் சங்கம். ஆற்றில் எப்போது வேலை, எப்போது வேலை இல்லை என்பதை மேஸ்திரிகளுக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. செயலாளர் எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "நம்ம காத்தான் மவ ஏதோ உரைகல்லுன்னு வச்சிருக்காமே, அதுல தேறிடுச்சுன்னா எடுத்துக்கறோம்."

எல்லாம் தேறியது. பாதி வாக்கியம் மட்டும் தேறவில்லை. நாங்கள் வாங்கியிருந்தது அந்த மலிவான கருவி. வேறு வழியில் அனுப்ப மாதக்கணக்காகும், அதற்குள் சங்கம் வேறு ஆளைப் பார்த்துவிடும்.

"ஒண்ணே ஒண்ணுதானே தம்பி," என்றார் தங்கையன். "பரீட்சையில ஒரு கேள்வியை விட்டா பெயிலாவா போடுறாங்க?"

அவர் அவ்வளவுதான் சொன்னார். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை, தொழில்நுட்பம் அவருக்குத் தெரியாது. எடுக்கலாம் என்று நினைத்தது நான். அந்த ஒரு சோதனையை எடுத்துவிட்டு ஓட்டினால் 'உரைகல்: எல்லாம் தேறியது' என்று வரும். மதிவதனி கேட்ட வரி உரிமத்தில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. வேறு பெயர் போட வேண்டும், செயலாளர் 'இது என்னாங்க' என்று கேட்பார். ஆகவே முதலில் அந்த வரி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரிசை இதுதான். முதலில் வேலை. பிறகு அந்தத் தோல்வி. அதற்குப் பிறகுதான் சுதந்திரத்தைப் பற்றிய என் பேச்சு.

சங்கம் மென்பொருளை எடுத்துக்கொண்டது. நன்றாகவே ஓடியது. செய்திகள் நீளும்போது சொல்லின் நடுவில் உடைந்து, எழுத்துகள் சிதறி அசிங்கமாகத் தெரிந்தன. அதை நான் சரிசெய்தேன். இனி உடைந்தால் சொல்லின் முடிவில்தான் உடையும். அழகாக இருந்தது. பாதிச் செய்தி பாதி என்றே தெரியாது.

அந்த வருடம் குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன் கீழத்தலைப்பில் தடுப்புச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. வறண்ட ஆற்றுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் அஸ்திவாரக் குழி தோண்டி, காத்தானின் ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். தண்ணீர் எதிர்பார்த்ததைவிட முன்னதாக வருகிறது என்று சங்கத்துக்குத் தெரிந்ததும், அதிகாலையில் ஒரு செய்தி போட்டார்கள்.

'கீழத்தலைப்பு தடுப்புச்சுவர் வேலைக்கு இன்று ஆட்களை ஆற்றில் இறக்க வேண்டாம்.'

காத்தானுக்கு வந்தது, 'கீழத்தலைப்பு தடுப்புச்சுவர் வேலைக்கு இன்று ஆட்களை ஆற்றில் இறக்க'.

ஓவர்சீயர்களின் துண்டுச்சீட்டைப் படித்துப் பழகியவருக்கு அது முழு வாக்கியம். சிமெண்ட் இறக்க, கம்பி அனுப்ப, உடனே வர என்றுதான் அவர்கள் எழுதுவார்கள். அது உத்தரவு. கரையில் நின்றவர்கள் தயங்கியிருக்கிறார்கள், தண்ணீர் வருவதாக ஊரில் பேச்சு. காத்தான் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டியிருக்கிறார். "எறக்கச் சொல்லிப் போட்டுருக்காங்கல்ல? எறங்குங்க, வெயிலுக்கு முன்னால முடிச்சிருவோம்." இதையெல்லாம் பின்னால் சொன்னது வீரையன், குழியிலிருந்து ஏறித் தப்பியவர்.

தண்ணீர் வந்து குழியின் மண்சுவர் சரிந்தது. மண் சுமந்துகொண்டிருந்த பொன்னுத்தாயும் காத்தானும் போனார்கள். பொன்னுத்தாயை வெளியே தள்ளிவிடத்தான் அவர் திரும்பக் குழிக்குள் இறங்கினார் என்றும் வீரையன் சொன்னார்.

காத்தானின் போன் கிடைக்கவில்லை. மற்ற மேஸ்திரிகளின் போன்களில் மாலைக்குள் இரண்டு பாதிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. செய்தி முழுதாக வந்திருக்கிறது, காத்தான்தான் சரியாகப் படிக்கவில்லை என்று முடிவானது. வீரையனுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அவர் சாட்சியை யாரும் பொருட்படுத்தவில்லை. பொன்னுத்தாயின் பிள்ளைகள் காத்தான் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். மதிவதனியின் அம்மா தங்கம்மாள் மகளைப் பார்த்து, "போனு வாங்கிக் குடுத்தியே, ஒழுங்காப் படிக்கச் சொல்லிக் குடுத்தியாடி?" என்று கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன். பந்தல்காரனுக்கு உதவியாகக் கழி பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து மதிவதனி என்னை அழைத்தாள். அலைவரியில் நான் இருப்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நம்ம சோதனையை ஓட்டுனீங்கதானே?"

"ஓட்டுனோம்."

"பாதி வாக்கியம்?"

"எல்லாம் தேறுச்சு மதி."

அவள் விசைப்பலகையைத் தட்டி அந்தச் சோதனையைத் திறக்கும் சத்தம் போனில் கேட்டது.

"எங்க அப்பா தப்பாப் படிச்சிருக்க மாட்டாரு," என்றாள். "அவரு புள்ளி வரைக்கும் படிக்கிற ஆளு. அப்ப என் சோதனையிலதான் ஓட்டை இருந்திருக்கு. விட்டுட்டேன்."

அதை மறுத்திருக்கலாம். நான், "எல்லாரும் தப்பு பண்றதுதான்," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் பிரவுசிங் சென்டரை மூடிவிட்டாள். ஆனால் அந்தச் சோதனையை விடவில்லை. திருப்பித் திருப்பி எழுதினாள், இல்லாத ஓட்டையைத் தேடி. ஒவ்வொரு வடிவத்தையும் எனக்கு அனுப்பி, இதில் பிழை தெரிகிறதா என்று கேட்பாள். நான் படித்துப் பார்த்து, தெரியவில்லை என்று எழுதுவேன். முதல் வடிவத்திலேயே பிழை இல்லை. நீங்கள் இன்று உலகம் முழுக்க மெச்சுகிற அந்தச் சோதனையின் நுணுக்கம் அப்படி வந்தது. அவளைப் பார்க்க நேர்ந்த ஒவ்வொரு முறையும், அவள்தான் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். அது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அதனால் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பேனாவை மூடாதீர்கள். உரிமத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இது போதும், ஆனால் முடியவில்லை.

செய்திகள் சரியாகப் போகின்றனவா என்று பார்ப்பதற்காக, மேஸ்திரிகளின் பட்டியலில் என் எண்ணையும் சேர்த்திருந்தேன். அன்று அதிகாலையில் அந்தப் பாதி எனக்கும் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். படித்ததுமே புரிந்தது. என்ன சொல் குறைகிறது, யாருக்கு, எந்த இடத்தில், எல்லாமும். காத்தானின் எண் என் போனில் 'மதி அப்பா' என்று இருந்தது. அதை எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டேன். அழைத்தால், உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும் என்று கேட்பார். மாலையில் மகளிடம் சொல்வார். நான் எங்கே வேலை செய்கிறேன், என்ன செய்தேன் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் போதும்.

மீதி வந்துவிடும் என்று நினைத்தேன். சில சமயம் உடனே வந்துவிடும். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காப்பி குடித்தேன். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கீழத்தலைப்புப் பாலத்தில் எதிரே வைக்கோல் லாரி வந்ததால் வண்டி மெதுவாகப் போனது. கீழே ஆட்கள் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டி, கையில் போனை வைத்துக்கொண்டு நின்றவர் யார் என்று அடையாளம் தெரிந்தது. ஆறு காய்ந்து கிடந்தது. பாலத்தைத் தாண்டியதும் ஒரு நிறுத்தம் உண்டு. நான் தஞ்சாவூர் வரை டிக்கெட் எடுத்திருந்தேன்.

பிற்பகலில் அலுவலகத்தில் போன் ஒருமுறை அதிர்ந்தது. மீதி. 'வேண்டாம்.' ஒரு சொல், அதன் பின்னால் ஒரு புள்ளி.

சங்கம் எங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. 'செய்தி முழுமையாகச் சென்று சேர்ந்துள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதில் எல்லாம் நான் பொய் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.